தரை வரைக்கும் வந்த ஃப்ளைட் திரும்ப மேல ஏறிடுச்சு, டிக்கெட்டை கேன்சல் பண்ணணுமா?

கேள்வி: போன மாசம் அம்மாவோட துபாய்ல இருந்து ஊருக்கு வந்தேன். லேண்டிங் நேரம், கீழ ரோட்டுல போற கார் கூட தெரியுது, திடீர்னு இன்ஜின் அலறி ஃப்ளைட் மூக்கைத் தூக்கிட்டு மேல ஏறிடுச்சு. அம்மா பயந்து அழுதுட்டாங்க. ரொம்ப நேரம் அறிவிப்பே இல்ல, அப்புறம் பைலட் ரெண்டு வரி சொன்னார், 20 நிமிஷம் சுத்திட்டு இறக்கினார். அடுத்த மாசம் அதே ஏர்லைன்ல திரும்பிப் போகணும். கேன்சல் பண்ணிட்டு வேற பாக்கட்டுமா? எந்த ஏர்லைன் சேஃப்னு எப்படி தெரிஞ்சுக்கிறது?

பதில்: கேன்சல் பண்ணாதீங்க. அம்மா பயந்தது நியாயம்தான், அந்த சத்தம் யாரையும் ஆட்டிடும், ஆனா அன்னைக்கு நீங்க ரெண்டு பேரும் பார்த்தது ஒரு பைலட் தன் வேலையை ஒழுங்கா செஞ்சதைத்தான். அதுக்குப் பேரு கோ-அரவுண்ட்.

ஃப்ளைட் இறங்க வரும்போது ஒரு கணக்கு உண்டு. பொதுவா 1000 அடி உயரத்துக்கு வர்றதுக்குள்ள வேகம், இறங்குற வேகம், இறக்கையில இருக்கிற ஃப்ளாப், சக்கரம், ரன்வேக்கு நேரா வர்றது எல்லாமே செட் ஆகியிருக்கணும், வெளிய நல்லா தெரியுற நாள்ல இது 500 அடி. அதுல ஒண்ணு சரியில்லைன்னாலும் இறக்கக்கூடாது, முழு பவர் கொடுத்து மேல போயிடணும். நீங்க கேட்ட அலறல் அதுதான். காத்து திடீர்னு மாறினாலும், முன்னாடி இறங்கின ஃப்ளைட் ரன்வேயை காலி பண்ணலைன்னாலும் இதேதான். உடனே அறிவிப்பு வரலைன்னா அதுவும் நல்லதுக்குத்தான், அந்த நேரத்துல ரெண்டு பைலட்டுக்கும் கை நிறைய வேலை, சக்கரத்தை உள்ள இழுக்கணும், ஃப்ளாப்பை மாத்தணும், டவர்கிட்ட பேசணும், நம்மகிட்ட பேசுறது கடைசி. எரிபொருளும் தீர்ந்துடாது, இறங்க முடியலைன்னா இன்னொரு ஏர்போர்ட்டுக்குப் போற அளவும் அதுக்கு மேல 30 நிமிஷம் சுத்துற அளவும் போட்டுத்தான் கிளம்பியிருப்பாங்க.

மேல ஏறாம விட்டா என்ன ஆகும்னு சொல்றேன், அம்மாகிட்ட இதை சொல்ல வேண்டாம், நீங்க மட்டும் தெரிஞ்சுக்கோங்க.

2010 மே 22, இதே மாதிரி துபாய்ல இருந்து மங்களூருக்கு வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் 812. கேப்டன் வழியில ரொம்ப நேரம் தூங்கியிருக்கார், காக்பிட் ரெக்கார்டர்ல குறட்டை சத்தமே பதிவாகியிருக்கு. அன்னைக்கு மங்களூர் ரேடார் வேலை செய்யல, அதனால கீழ இறங்கச் சொன்னதே லேட், ஃப்ளைட் இருக்க வேண்டிய உயரத்தை விட ரொம்ப மேல இருந்துச்சு, அதை சரிகட்ட செங்குத்தா இறக்கிட்டு வர்றாங்க, எச்சரிக்கை கருவி மேல தூக்கு மேல தூக்குன்னு கத்துது, பக்கத்துல இருந்த கோ-பைலட் கோ-அரவுண்ட் போங்கன்னு மூணு தடவை சொல்லியிருக்கார். கேப்டன் கேக்கல. சுமார் 8000 அடி ரன்வேயில 5200 அடி தாண்டித்தான் சக்கரம் தரையைத் தொட்டுச்சு, அந்தப் பக்கம் பள்ளம். இருந்த 166 பேர்ல 158 பேர் போயிட்டாங்க.

விசாரணை அறிக்கையில ஒரு இடம் இருக்கு, நான் அதை எத்தனையோ வகுப்புல படிச்சுக் காட்டியிருக்கேன், இன்னும் மனசு ஆறல. கோ-பைலட் தானே கன்ட்ரோலை எடுத்து ஃப்ளைட்டை மேல தூக்கலாமாங்கிறதுல விதிமுறைகள் தெளிவா இல்ல, அதனாலதான் அவர் வாயால சொன்னதோட நின்னிருக்கலாம்னு எழுதியிருக்காங்க. தெரியாம நடந்த விபத்து இல்ல இது, ஒருத்தருக்கு தெரிஞ்சிருந்துச்சு, அவர் வாய்விட்டு சொல்லவும் செஞ்சார்.

நான் பைலட்டுகளுக்கு ட்ரெயினிங் கொடுக்கிற வேலையில இருந்தவன். ஒரு தடவை சிமுலேட்டர்ல சீனியர் ஒருத்தர்கிட்ட வேணும்னே அதிக உயரத்துல வரச் சொல்லியிருந்தோம், பக்கத்து சீட்ல புதுசா சேர்ந்த பையன். அவன் கண்ணு மீட்டரை விட்டு நகரல, ரெண்டு கையும் தொடை மேல இறுகிப் போயிருக்கு, எல்லாம் புரிஞ்சிருக்கு அவனுக்கு. வாயில வந்தது ஒரே ஒரு வரி, மெதுவா, சார் கொஞ்சம் ஹையா இருக்கோமோ அப்படிங்கிற அர்த்தத்துல. வெளிய வந்ததும் "நான் சொன்னேனே சார்"ங்கிறான். "நீ சொல்லலப்பா, கேட்ட. இருக்கோம்னு சொல்லணும், இருக்கோமோன்னு கேக்கக்கூடாது"ன்னேன். கொஞ்ச நேரம் தலையைக் குனிஞ்சிருந்துட்டு, "அவருக்கு எங்கப்பா வயசு சார்"னான். பெரியவங்க பேசும்போது குறுக்க பேசாதேன்னு சொல்லி வளர்த்த பிள்ளை, அவன் மேல என்ன தப்பு. கம்பெனிதான் அவனுக்கு அந்த உரிமையை கையில கொடுக்கணும், எழுத்துல கொடுக்கணும், அவன் அப்படி கன்ட்ரோலை எடுத்த அன்னைக்கு அவன் பக்கம் நிக்கணும். பாதுகாப்பு கலாச்சாரம்னு பெரிய வார்த்தையில சொல்றது இதைத்தான்.

மங்களூருக்கு அப்புறமாவது முழுசா மாறிடுச்சான்னா அதுவும் இல்ல. 2020 ஆகஸ்ட் 7, கோழிக்கோடு, நல்ல மழை, முதல் தடவை இறங்க வந்து கோ-அரவுண்ட் போயிட்டாங்க, சரியான முடிவு. ரெண்டாவது தடவை எதிர்ப்பக்க ரன்வேயில, பின்னாடி இருந்து தள்ளுற காத்தோட வந்து, கிட்டத்தட்ட பாதி ரன்வே தாண்டி தொட்டாங்க, ஃப்ளைட் ரன்வேயைத் தாண்டி ஓடிடுச்சு. இங்கேயும் கோ-பைலட் கோ-அரவுண்ட்னு சொல்லியிருக்கார், இங்கேயும் கன்ட்ரோலை எடுக்கல. 21 பேர் இறந்தாங்க, ரெண்டு பைலட்டும் அதுல உண்டு. அந்த கேப்டன் அடுத்த நாள் காலையில கோழிக்கோட்டுல இருந்து இன்னொரு ஃப்ளைட் ஓட்ட வேண்டியிருந்தது, அங்க கேப்டன்கள் போதலை, அந்த நெருக்கடியும் அவர் முடிவுல இருந்திருக்குன்னு அறிக்கை சொல்லுது. ஆபீஸ்ல போடுற டியூட்டி சார்ட் காக்பிட்டுக்குள்ள வந்து உக்காந்துக்கும், அதை பயணிகள் யாரும் பாக்க முடியாது.

இது நம்ம ஊர்க்காரங்க குணம் மட்டும்னு நினைக்க வேண்டாம். 1978 டிசம்பர்ல அமெரிக்காவுல போர்ட்லேண்ட் பக்கத்துல யுனைடெட் 173ங்கிற ஃப்ளைட், சக்கரம் சரியா இறங்குச்சான்னு கேப்டன் அதையே பாத்துட்டு ஒரு மணி நேரம் வட்டமடிச்சார், எரிபொருள் குறையுறது மத்த ரெண்டு பேருக்கும் தெரிஞ்சும் அழுத்திச் சொல்லல, வானத்துலேயே இன்ஜின் நின்னு 10 பேர் இறந்தாங்க. சிஆர்எம்ங்கிற பயிற்சி, அதாவது காக்பிட்ல எல்லாரும் வாய் திறந்து பேசுறதுக்கான பயிற்சி, பெருசா பரவ இந்த விபத்து ஒரு முக்கிய காரணம். தென் கொரியாவோட கொரியன் ஏர் ஏர்லைனும் 1997ல பசிபிக் தீவான குவாம்ல 228 பேரை இழந்த கம்பெனி, வெளியாளுங்களை கூட்டிட்டு வந்து பயிற்சியை அடியோட மாத்தினாங்க, 1999 கடைசிக்கு அப்புறம் அவங்ககிட்ட உயிர் போற விபத்தே இல்ல. மாத்தணும்னு நினைச்சா முடியும்.

ஆனா இன்னும் போக வேண்டிய தூரம் நிறைய இருக்கு. ஃப்ளைட் சேஃப்டி ஃபவுண்டேஷன் ஆய்வுல, சரியா செட் ஆகாம வர்ற 100 லேண்டிங்ல சுமார் 3ல தான் விதிப்படி கோ-அரவுண்ட் போறாங்கன்னு தெரிஞ்சது. உங்க பைலட் அன்னைக்கு எந்த காரணத்துக்காகப் போயிருந்தாலும், சந்தேகம் வந்ததும் இறக்காம விட்டவர், அவரை நம்பி ஏறலாம்.

ஏர்லைனை எப்படி பாக்கிறதுன்னா, உலக ஏர்லைன்களோட சங்கமான ஐயாட்டா நடத்துற ஐஓஎஸ்ஏங்கிற பாதுகாப்பு ஆடிட்ல அது இருக்கா, ஐரோப்பிய யூனியன் தடை பண்ணின ஏர்லைன் லிஸ்ட்ல இருக்கா, இந்த ரெண்டும் நெட்ல யார் வேணா பாக்கலாம், ரெண்டு நிமிஷ வேலை. மத்தபடி டிக்கெட் விலையை வெச்சு முடிவு பண்ணாதீங்க, ஃப்ளைட் பழசா புதுசாங்கிறதை விட அதை எப்படி பராமரிக்கிறாங்கங்கிறதுதான் முக்கியம். இன்னொண்ணு, டியூட்டி நேரம் முடிஞ்சுடுச்சு, ஓட்ட மாட்டேன்னு பைலட் சொன்னதால ஃப்ளைட் லேட்டாச்சுன்னா கவுன்ட்டர்ல போய் சத்தம் போடாதீங்க, தூக்கத்தோட அவரை ஓட்ட வைக்கிற அழுத்தத்துல நம்ம பங்கும் சேர்ந்துடும்.

அம்மாவுக்கு போறதுக்கு முன்னாடியே சொல்லி வைங்க, திரும்ப மேல ஏறினா இன்னொரு சுத்து சுத்தி வர்றாங்க, அவ்வளவுதான்னு. இறங்கும்போது செருப்பு காலிலேயே இருக்கட்டும், பாஸ்போர்ட்டும் மாத்திரையும் சின்ன பையில உடம்போட மாட்டிக்கட்டும், ஏன்னா அவசரமா வெளிய ஓடச் சொன்னா மேல இருக்கிற பெட்டியைத் தொடவே கூடாது. 2024 ஜனவரி 2, டோக்கியோ ஹனேடாவுல தீப்பிடிச்ச ஜப்பான் ஏர்லைன்ஸ் ஃப்ளைட்ல இருந்து 379 பேரும் உயிரோட வெளிய வந்தாங்க, பெட்டிக்காக நிக்காம ஓடினது அதுக்கு ஒரு பெரிய காரணம்.