கதவைத் திறக்கும் முன்பு: பேட்டரி நிலையத் தீ பற்றிச் சில கேள்விகள்

மின்சாரத்தைச் சேமித்து வைக்கும் பெரிய பேட்டரி நிலையங்களை, பெரும்பாலும் கன்டெய்னர் பெட்டிகளுக்குள் பேட்டரிகளை அடுக்கியவற்றை, தொலைவிலிருந்து கண்காணிப்பது என் வேலை. வோல்டேஜ் கோடுகளையும் வெப்பநிலைக் கோடுகளையும் பார்த்தபடியே பல இரவு ஷிப்டுகளைக் கழித்திருக்கிறேன். கேள்வி அனுப்பியவர்களுக்கு நன்றி. ஒரே பொருளில் வந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி (பொறியியல் கல்லூரி மாணவி): சார், கன்டெய்னருக்குள் புகை சென்சார் இருந்தால் போதாதா? வேறு எதைப் பார்க்க வேண்டும்?

புகை வரும்போது பாதிக் கதை முடிந்திருக்கும். லித்தியம் செல், அதாவது பேட்டரியின் தனி அலகு, கெடுவதற்குப் படிகள் உண்டு. முதலில் ஒரு செல்லின் வோல்டேஜ் மட்டும் பக்கத்துச் செல்களோடு ஒத்துப் போகாமல் சரியும், அல்லது வெப்பம் கொஞ்சம் கூடும். பிறகு செல் உப்பி, உள்ளிருக்கும் கரைப்பானின் ஆவியை வெளியே விடும். இதை மோப்பம் பிடிக்கும் சென்சார்கள் இருக்கின்றன. சில நிமிடங்களாவது முன்னறிவிப்பு தரும். ஏறத்தாழ 130 டிகிரி செல்சியஸில் இரு மின்முனைகளுக்கும் நடுவிலுள்ள மெல்லிய பாலிஎத்திலீன் படலம் உருகத் தொடங்குகிறது. அதற்குப் பிறகு செல் தன் வெப்பத்தாலேயே மேலும் வெப்பமாகும். எங்கள் துறையில் இதைத் தெர்மல் ரன்அவே என்கிறோம். இந்தக் கட்டத்தில் மின்சாரத்தைத் துண்டித்தாலும் அது நிற்காது. ஆகவே வோல்டேஜ், வெப்பம், ஆவி, புகை என்ற வரிசையில் பாருங்கள். புகை கடைசிச் சாட்சி.

கேள்வி (தீயணைப்புத் துறை ஊழியர்): கன்டெய்னரில் தீ என்று அழைப்பு வருகிறது. போய்ப் பார்த்தால் சுடர் இல்லை, வெறும் புகைதான். கதவைத் திறக்கலாமா?

ஐயா, திறக்காதீர்கள். ஏன் என்பதைக் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

2019 ஏப்ரல் 19 அன்று அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் சர்ப்ரைஸ் என்ற ஊரில் இதுதான் நடந்தது. அங்கிருந்த மெக்மிக்கன் நிலையம் வெறும் 2 மெகாவாட். மாலையில் ஒரு செல் கெட்டது, சென்சார் கண்டுபிடித்தது, தானியங்கித் தீயணைப்பு வாயுவும் உடனே பாய்ந்தது. அதாவது எல்லாக் கருவிகளும் தத்தம் வேலையைச் செய்தன. ஆனால் அந்த வாயு சுடரைத்தான் அடக்கும், செல்லுக்குள் ஏறும் வெப்பத்தைத் தணிக்காது. செல்கள் ஒன்றன்பின் ஒன்றாக வெந்து ஹைட்ரஜன், கார்பன் மோனாக்சைடு, ஹைட்ரோகார்பன்களைக் கக்கின. எரிந்து தீர்ந்திருக்க வேண்டிய வாயு எரியாமல் பெட்டிக்குள் தேங்கியது. ஏறத்தாழ மூன்று மணி நேரம் கழித்துக் கதவைத் திறந்தார்கள். காற்று உள்ளே போனது. சில நிமிடங்களில் வெடித்தது. நான்கு தீயணைப்பு வீரர்கள் படுகாயமடைந்தார்கள்.

அந்தச் செல் ஏன் கெட்டது என்பதில் ஆய்வாளருக்கும் தயாரிப்பாளருக்கும் இடையே தகராறு உண்டு. எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது வேறு. உள்ளே எவ்வளவு வாயு இருக்கிறது என்பதை வெளியே நின்று அறிந்துகொள்ள அந்த வீரர்களுக்கு வழி இருக்கவில்லை. திறக்கலாமா கூடாதா என்பதைக் கண்ணால் பார்த்து முடிவு செய்ய வேண்டியிருந்தது. ஹைட்ரஜனோ கண்ணுக்குத் தெரியாது.

ஆகவே உங்கள் எல்லைக்குள் இப்படி ஒரு நிலையம் வந்தால், வாயு அளவு வாசலிலேயே ஒரு பலகையில் தெரிய வேண்டும் என்று கேளுங்கள். வெடிக்கக்கூடிய குறைந்தபட்ச அளவில் கால் பங்கைத் தொடுவதற்குள் வெளியேற்றும் விசிறி ஓட வேண்டும். அமெரிக்கத் தீப் பாதுகாப்புச் சங்கத்தின் என்எஃப்பிஏ 69 தரநிலை அந்த அளவைத்தான் சொல்கிறது. மின்சாரம் போனாலும் அந்த விசிறிக்கும் பலகைக்கும் தனி இணைப்பு இருக்கிறதா என்பதையும் கேளுங்கள். பெரும்பாலும் இந்த இடத்தில்தான் பதில் சொல்பவர் தடுமாறுவார்.

கேள்வி (சூரிய மின் ஒப்பந்தக்காரர்): நாங்கள் லித்தியம் இரும்பு பாஸ்பேட் செல்கள்தான் பயன்படுத்துகிறோம். அவை தீப்பிடிக்காது என்று விற்பவர் சொல்கிறாரே?

எளிதில் பிடிக்காது என்பது உண்மை. பிடிக்கவே பிடிக்காது என்பது விற்பனைப் பேச்சு. 2021 ஏப்ரலில் பெய்ஜிங்கின் ஃபெங்தாய் பகுதியில் வெடித்த நிலையத்தில் இருந்தவை இரும்பு பாஸ்பேட் செல்கள்தாம்; இரண்டு தீயணைப்பு வீரர்கள் உயிரிழந்தார்கள். இந்த வகைச் செல் கக்கும் வாயுவில் ஹைட்ரஜனின் பங்கு அதிகம். சுடர் குறைவு என்பதால் வாயு எரியாமல் தேங்கவும் வாய்ப்பு உண்டு. மேலே சொன்ன கதவை மறந்துவிடாதீர்கள்.

கேள்வி (அதே ஒப்பந்தக்காரர்): நிலையத்தை ஒப்படைத்த பிறகுதானே கண்காணிப்பு தொடங்கும்? கட்டுமானக் காலத்தில் காவலாளி போதும் அல்லவா?

அண்ணா, இந்த எண்ணத்தை இன்றே விட்டுவிடுங்கள். ஆஸ்திரேலியாவின் ஜீலாங் அருகே டெஸ்லாவின் மெகாபேக் என்ற பெரிய பேட்டரிப் பெட்டிகள் 212 கொண்ட விக்டோரியன் பிக் பேட்டரியில் 2021 ஜூலை 30 அன்று தீ. அது சோதனைக் காலம். தீப்பிடித்த பெட்டி 13 மணி நேரமே ஓடியிருந்தது. பிறகு அன்றைய சோதனைக்குத் தேவையில்லை என்று சாவியைத் திருப்பி நிறுத்திவைத்தார்கள். சாவியைத் திருப்பியதும் அதன் கண்காணிப்பும் சில பாதுகாப்பு ஏற்பாடுகளும் சேர்ந்தே உறங்கின. போதாததற்கு, புதிய பெட்டியின் தகவல் கட்டுப்பாட்டு அறையில் முழுமையாகத் தெரிய 24 மணி நேரம் ஆகும் என்ற ஏற்பாடு. குளிர்விக்கும் திரவம் கசிந்து ஷார்ட் சர்க்கியூட் ஆனதை யாரும் பார்க்கவில்லை. தீ பக்கத்துப் பெட்டிக்கும் தாவியது. பின்னர் அந்த 24 மணி நேரத்தை ஒரு மணி நேரமாகக் குறைத்தார்கள்.

பேட்டரிக்கு மற்ற இயந்திரங்களைப் போல "அணைத்துவிட்டேன்" என்ற நிலை கிடையாது. லாரியிலிருந்து இறங்கும்போதே அதில் மின்னேற்றம் இருக்கிறது. மின் ஆராய்ச்சி நிறுவனமான எப்ரி விபத்துகளைத் தொகுத்து ஆராய்ந்தபோது, பல நிகழ்வுகளில் பழுது செல்லில் இல்லை. இணைப்பு, பொருத்தும் வேலை, குளிரூட்டல், கட்டுப்பாட்டு அமைப்பு ஆகியவற்றில் இருந்தது. அதுவும் முதல் இரண்டு ஆண்டுகளுக்குள் நேர்ந்தவையே அதிகம். உங்கள் ஆட்கள் போல்ட் முறுக்கும் நாள்களும் அந்தக் கணக்கில் சேரும்.

கேள்வி (கட்டுப்பாட்டு அறை ஊழியர்): பொய் அலாரம் தொல்லை தாங்கவில்லை. சென்சாரின் உணர்திறனைக் குறைத்துவிடலாமா?

உங்கள் வேதனை எனக்குத் தெரியும். ஓர் இரவில் நாற்பது அலாரங்களுக்குப் பதில் சொல்லியிருக்கிறேன், அத்தனையும் ஏசி வடிகாலில் தேங்கிய நீரால் வந்தவை. இருந்தாலும் குறைக்காதீர்கள். இரண்டு தனித்தனிச் சென்சார்கள் ஒத்துக்கொண்டால் மட்டுமே பெரிய நடவடிக்கை என்று வையுங்கள். ஒன்று மட்டும் கத்தினால் அது எச்சரிக்கையாக நிற்கட்டும்.

பொய் அலாரம் தொல்லையோடு நிற்பதில்லை. 2021 செப்டம்பரில் கலிஃபோர்னியாவின் மாஸ் லாண்டிங்கில் காற்றோட்ட இயந்திரத்தின் பேரிங் ஒன்று கருகிப் புகைந்தது. பேட்டரியில் கோளாறே இல்லை. சென்சார் புகையைக் கண்டதும் நீர்க்குழாய்கள் தயாராகின. அவற்றின் இணைப்புகள் சில சரியாகப் பொருத்தப்படாததால் நீர் கசிந்து பேட்டரிகள் மேல் விழுந்து ஷார்ட் ஆகின. காப்பாற்ற வந்த நீரே கெடுத்தது.

கேள்வி (காப்பீட்டு முகவர்): அதே மாஸ் லாண்டிங்கில்தானே 2025இல் பெருந்தீ? கண்காணிப்பு அங்கே தோற்றுவிட்டதா?

ஆம், ஜனவரி 16. பழைய டர்பைன் கூடத்துக்குள் 300 மெகாவாட்டுக்கான பேட்டரிகளை அடுக்கியிருந்தார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வெளியேற்றப்பட்டார்கள். பிப்ரவரி 18 அன்று மறுபடியும் புகைந்து எரிந்தது. ஒரே கூரைக்குக் கீழ் அவ்வளவையும் வைத்துவிட்டால் எந்தச் சென்சாரும் பெரிதாக உதவாது. அருகிலேயே எல்க்ஹார்ன் நிலையத்தில் 2022இல் ஒரு பெட்டி எரிந்தது; 256 பெட்டிகளில் அது ஒன்றுதான். அவை வெட்டவெளியில் தனித்தனியாக நின்றவை. பாலிசி எழுதும் முன் இடைவெளியை அளந்து பாருங்கள்.

கேள்வி (காவல் நிறுவன மேற்பார்வையாளர்): தெர்மல் கேமரா வைத்தால் தீயும் தெரியும், திருடனும் தெரியும் அல்லவா?

திருடன் தெரிவான். தீயைப் பொறுத்தவரை, கேமரா பெட்டியின் வெளித்தகட்டைத்தான் பார்க்கிறது. உள்ளே செல் வேகும்போது தகடு சூடாக நேரமாகும். ஆனால் திருட்டும் வெறும் திருட்டோடு நிற்பதில்லை: தாமிரக் கம்பிக்காக எர்த் கேபிளை வெட்டிக்கொண்டு போவார்கள். அது மின் பாதுகாப்பையே குலைக்கும். வேலியருகே அசைவு தெரிந்தால் அதைக் காவல் பிரிவோடு நிறுத்தாமல் மின் பிரிவுக்கும் சொல்லுங்கள்.

கேள்வி (வலையமைப்பு நிர்வாகி): இணைய இணைப்பு அறுந்தால்?

2022 பிப்ரவரி 24 அன்று வயாசாட் செயற்கைக்கோள் இணையச் சேவை சைபர் தாக்குதலுக்கு உள்ளானபோது ஜெர்மனியில் 5,800 காற்றாலைகளின் தொலைக் கண்காணிப்பு போய்விட்டது. காற்றாலைகள் தாமாக ஓடிக்கொண்டிருந்தன. பேட்டரி நிலையத்துக்கும் அதே அளவுகோல்தான்: மின்சாரத்தைத் துண்டிக்கவும் விசிறியை ஓட்டவும் வெளியிலிருந்து அனுமதி தேவைப்படக் கூடாது. இணைப்பு போனதே ஓர் அலாரமாக வர வேண்டும்.

கேள்வி (ஊராட்சி உறுப்பினர்): எங்கள் ஊருக்குப் பக்கத்தில் நிலையம் வருகிறது. பயப்பட வேண்டுமா? என்ன கேட்பது?

அம்மா, நிறுவப்பட்ட திறனோடு ஒப்பிட்டால் விபத்து வீதம் 2018க்கும் 2023க்கும் இடையே 97 சதவீதம் குறைந்திருக்கிறது என்று எப்ரி கணக்கிட்டுள்ளது. பயத்தைவிடக் கேள்விகள் உதவும். நிலையத்திலிருந்து காற்று ஊர்ப் பக்கம் வீசும் மாதங்கள் எவை, புகை வந்தால் ஊருக்கு யார் சொல்வார்கள், உங்கள் பகுதித் தீயணைப்பு நிலையத்தினர் உள்ளே வந்து பார்த்தார்களா என்று கேளுங்கள். பெட்டியை எரிந்து தீரவிட்டு, பக்கத்துப் பெட்டிகளை மட்டும் நீரால் குளிர்விப்பதே பல இடங்களில் நடைமுறை என்பதால், அந்த நீர் எங்கே ஓடிச் சேரும் என்பதையும் கேளுங்கள். ஏரியாக இருக்கக் கூடாது.

கடைசியாக, வாயிற்பலகையில் எழுதியிருக்கும் அவசரத் தொலைபேசி எண்ணுக்கு ஓர் இரவு இரண்டு மணிக்கு அழைத்துப் பாருங்கள். நான் முன்பு பார்த்த ஒரு நிலையத்தில் அப்படி அழைத்தோம். எடுத்தவர் தூக்கக் கலக்கத்தில், தான் அந்த வேலையை விட்டு எட்டு மாதம் ஆகிவிட்டது என்றார்.