சத்து மாத்திரை யார் சாப்பிடுகிறார்கள்? அதனால் மருத்துவச் செலவு குறையுமா?

உணவுக்கு மேல் வைட்டமின், தாதுச் சத்துகளை மாத்திரையாகவோ பொடியாகவோ எடுப்பதைத்தான் சப்ளிமென்ட் என்கிறோம். நோயாளிகள்தான் அதிகம் வாங்குவார்கள் என்று தோன்றும். அமெரிக்க ஆய்வுகளில் தெரிவது வேறு: வயதானவர்கள், பெண்கள், படித்தவர்கள், வசதியுள்ளவர்கள். இவர்கள் புகைப்பதும் குறைவு, உடற்பயிற்சி செய்வது அதிகம். ஆகவே அதே வயதுள்ள மற்றவர்களைவிட இவர்களின் ஆஸ்பத்திரி பில் குறைந்தாலும் அந்தப் பெருமையை மாத்திரைக்குக் கொடுத்துவிட முடியாது. வண்டியைத் தினமும் துடைப்பவரின் வண்டி அதிகம் ரிப்பேர் ஆகாது. துடைப்பதால் அல்ல, ஆயிலையும் நேரத்துக்கு மாற்றுவார்!

சரி, எல்லாமே வீணா? இல்லை. கருத்தரிக்கும் முன்பிருந்தே தினமும் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம் எடுத்தால், குழந்தைக்கு மூளை, தண்டுவடக் குறைபாடு வரும் வாய்ப்பு நன்றாகக் குறைகிறது.

அப்புறம், ‘அதிகமானால் சிறுநீரில் போய்விடும்’ என்பது பாதிதான் உண்மை. வைட்டமின் ஏ, டி இரண்டும் உடம்பிலேயே தங்கி, அளவு மீறினால் பாதிக்கும்.