இணை உணவு தொடங்கும் குழந்தைக்கு முழு தானியம் கொடுக்கலாமா?

கேட்டிருப்பது இதுதான்: குழந்தைக்கு ஆறு மாதம் முடிந்து இப்போதுதான் திட உணவு தொடங்கியிருக்கிறீர்கள். வீட்டில் பெரியவர்கள் எல்லோரும் தவிடு நீக்காத தானியத்துக்கு மாறிவிட்டீர்கள். அதே மாவில் குழந்தைக்கும் கஞ்சி வைக்கலாமா, தவிடு இரும்புச் சத்தைத் தடுத்துவிடும் என்கிறார்களே, அது உண்மையா, எப்போது முழுவதுமாக மாற்றலாம்?

கொடுக்கலாம். ஆனால் இரண்டு வயது வரை குழந்தை சாப்பிடும் தானியம் அத்தனையும் முழு தானியமாக இருக்க வேண்டாம். பிரிட்டனின் தேசிய சுகாதாரச் சேவையும் பெற்றோருக்கு இதையேதான் சொல்கிறது. நான் குழந்தைகளுக்கான உணவு ஆலோசகராக வேலை செய்கிறேன், இரண்டு பிள்ளைகளை வளர்த்தவள். இந்தக் கேள்வியோடு வருகிறவர்கள் பெரும்பாலும் மிகுந்த அக்கறையோடு சமைக்கிறவர்கள். அதனால்தான் காரணத்தையும் சேர்த்துச் சொல்ல நினைக்கிறேன். காரணம் புரிந்துவிட்டால் அளவை நீங்களே முடிவு செய்துகொள்வீர்கள்.

பெரியவர்களுக்கு முழு தானியம் ஏன் நல்லது என்கிறோம்? கொஞ்சம் சாப்பிட்டாலே வயிறு நிறைகிறது, சீக்கிரம் பசிக்காது, மொத்தத்தில் சாப்பிடும் அளவு குறைகிறது. இந்த மூன்றுமே ஏழு மாதக் குழந்தைக்கு வேண்டாதவை. பிறந்தபோது இருந்த எடை ஒரு வயதுக்குள் மூன்று மடங்காக வேண்டிய காலம் அது. வயிறோ மிகச் சிறியது. உடல் எடையில் கிலோவுக்கு 30 கிராம் என்று கணக்கு வைப்பார்கள். எட்டு கிலோ குழந்தை என்றால் ஒரு வேளைக்கு ஏறக்குறைய 240 கிராம்தான் கொள்ளும். முழுக் கொள்ளளவுக்கும் எந்தக் குழந்தையும் சாப்பிடாது. அந்தச் சின்ன இடத்தில் தண்ணீரும் நாருமே நிறைந்துவிட்டால், எடை ஏறத் தேவையான மாவுச்சத்தும் கொழுப்பும் புரதமும் எங்கே போகும்?

தாய்ப்பாலில் கிடைக்கும் ஆற்றலில் ஏறக்குறைய பாதி கொழுப்பிலிருந்துதான் வருகிறது. இயற்கை அந்த வயதுக்குக் கொடுத்திருக்கும் உணவே அப்படித்தான் இருக்கிறது. கொழுப்பு குறைந்த, நார் கூடிய சாப்பாடு நாற்பது வயதுக்காரருக்குப் பொருந்தும். அமெரிக்க ஊட்டச்சத்து அளவுகோலில் ஒரு வயதுக்குக் கீழே நார்ச்சத்துக்கு எந்த அளவுமே குறிக்கப்படவில்லை. அதனால் 'குழந்தைக்கு நார்ச்சத்து போதுமா' என்று இப்போதே கவலைப்படத் தேவையில்லை. பழம், காய்கறி, பருப்பு எல்லாம் உணவில் வரத் தொடங்கும்போது அது தன்னால் கிடைத்துவிடும்.

எடை ஏறவில்லை என்று வருகிற சில வீடுகளில் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது ஒன்று உண்டு. சுத்தமான முழு தானிய மாவு, அதில் தண்ணியாகக் கஞ்சி, எண்ணெயோ வெண்ணெயோ கிடையாது, முட்டை இன்னும் ஆரம்பிக்கவில்லை. குழந்தை கிண்ணத்தைக் காலி செய்கிறது, பெற்றோருக்கும் திருப்தி. எடை மட்டும் நகர்வதில்லை. ஆரோக்கியத்தில் மிகுந்த அக்கறையுள்ள குடும்பங்களில் இப்படி நடப்பதற்கு பிரிட்டனில் 'முஸ்லி பெல்ட் ஊட்டச்சத்துக் குறைவு' என்று ஒரு பெயரே உண்டு. அந்த மாவைத் தூக்கிப் போடுங்கள் என்று நான் சொல்வதில்லை. கஞ்சியைக் கெட்டியாக்குங்கள், ஒரு டீஸ்பூன் எண்ணெய் அல்லது வெண்ணெய் சேருங்கள், பருப்பு, முட்டை, மீன், இறைச்சி இவற்றில் உங்கள் வீட்டில் சாப்பிடும் ஏதாவது ஒன்றை மசித்துக் கலந்து கொடுங்கள் என்றுதான் சொல்வேன். ஒரு டீஸ்பூன் எண்ணெயில் 40 கலோரி இருக்கிறது. தாய்ப்பால் நன்றாகக் குடிக்கும் ஆறு முதல் எட்டு மாதக் குழந்தைக்கு மற்ற உணவிலிருந்து தேவைப்படுவது நாளைக்குச் சுமார் 200 கலோரிதான். அதில் ஐந்தில் ஒரு பங்கை அந்த ஒரு டீஸ்பூன் கொடுத்துவிடுகிறது.

அடுத்து இரும்பு. என் கணக்கில் இந்தக் கேள்வியிலேயே முக்கியமான பகுதி இதுதான்.

நிறைமாதத்தில் பிறந்த குழந்தை, அம்மாவிடமிருந்து வாங்கிவந்த இரும்புச் சேமிப்பை வைத்து ஏறக்குறைய ஆறு மாதம் ஓட்டிவிடும். தாய்ப்பாலில் இரும்பு மிகக் குறைவு. அதனால் ஏழாவது மாதத்திலிருந்து உணவுதான் அதைக் கொடுக்க வேண்டும். அமெரிக்க அளவுகோலின்படி 7 முதல் 12 மாதக் குழந்தைக்கு நாளைக்கு 11 மில்லிகிராம் இரும்பு வேண்டும். வளர்ந்த ஆணுக்கு 8 மில்லிகிராம் போதும். அவ்வளவு சின்ன உடலுக்கு அப்பாவை விடக் கூடுதல் தேவை என்பதை நினைத்துப் பாருங்கள்.

தவிடு இதைத் தடுக்கும் என்று உங்களிடம் சொன்னது உண்மைதான். தவிட்டிலும் முளைக்கருவிலும் ஃபைட்டிக் அமிலம் இருக்கிறது. அது குடலில் இரும்பையும் துத்தநாகத்தையும் பிடித்துக்கொள்வதால் உடல் எடுத்துக்கொள்ளும் அளவு குறைகிறது. ஆனால் அந்த இரும்பும் துத்தநாகமும் அதிகமாக இருப்பதும் அதே தவிட்டிலும் முளைக்கருவிலும்தான். தீட்டி எடுத்தால் தடையும் போகும், சத்தும் போகும். ஆகவே தவிட்டை ஒதுக்குவதை விட, தடையைத் தளர்த்துவதுதான் புத்திசாலித்தனம்.

அதற்கு ஊறவைப்பது, முளைகட்டுவது, புளிக்கவைப்பது என்று மூன்று பழைய வழிகள் இருக்கின்றன. தானியத்துக்குள்ளேயே ஃபைட்டேஸ் என்ற நொதி உறங்கிக்கொண்டிருக்கிறது. ஈரம் பட்டதும் விழித்துக்கொண்டு ஃபைட்டிக் அமிலத்தை உடைக்க ஆரம்பிக்கும். ஓட்ஸில் மட்டும் இது அவ்வளவாக நடக்காது. அதில் இந்த நொதி குறைவு, கடையில் கிடைக்கும் ஓட்ஸ் ஏற்கெனவே ஆவியில் சூடாக்கப்பட்டதும்கூட. ஓட்ஸ் வேண்டாம் என்று இதற்கு அர்த்தமில்லை, எளிதாகக் குழைகிற நல்ல தானியம் அது. கூட எதைச் சேர்த்துக் கொடுக்கிறீர்கள் என்பதில் கவனம் இருந்தால் போதும். அதே வேளையில் ஆரஞ்சு, கொய்யா, தக்காளி மாதிரி வைட்டமின் சி உள்ள ஏதாவது நாலு கரண்டி சேர்ந்தால் இரும்பு நன்றாக உறிஞ்சப்படும். இறைச்சியும் மீனும் தங்கள் இரும்பைக் கொடுப்பதோடு தானியத்தின் இரும்பையும் சேர்த்து எடுக்க உதவும். தேநீர் நேர்மாறு; குழந்தைக்கு அது எந்தக் காரணத்துக்காகவும் வேண்டாம்.

முளைகட்டுவதில் இன்னொரு லாபம் இருக்கிறது. முளைவிட்ட தானியத்தில் மாவுச்சத்தை உடைக்கும் அமைலேஸ் கூடிவிடும். கரண்டி நிற்கிற அளவுக்குக் கெட்டியாகக் கஞ்சி காய்ச்சி, வெதுவெதுப்பாக ஆறியதும் முளைகட்டிக் காயவைத்த மாவில் ஒரு சிட்டிகை போட்டுக் கலக்குங்கள். தண்ணீர் சேர்க்காமலே கொஞ்ச நேரத்தில் இளகிவிடும். பிறகு ஒரு கொதி விட்டு ஆறவைத்துக் கொடுக்கலாம். தண்ணீர் ஊற்றி இளக்கிய கஞ்சியை விட ஒவ்வொரு வாயிலும் ஆற்றல் அதிகம். கெட்டியாக இருந்தால் துப்பிவிடும் குழந்தைகளுக்கு இது பெரிய உதவி.

தொழிற்சாலையில் தயாராகும் குழந்தை உணவுத் தானியத்தில் பலவற்றுக்கு இரும்பு தனியாகச் சேர்க்கப்பட்டிருக்கும். அது தீட்டிய மாவுதானே என்று நிறுத்திவிட்டு வீட்டு முழு தானியத்துக்கு மாறினால், உங்களுக்குத் தெரியாமலே இரும்பு குறைந்துபோகும். மாற்ற விரும்பினால் மாற்றுங்கள், ஆனால் அந்த இடத்தை முட்டை, இறைச்சி, பருப்பு என்று வேறொன்றால் நிரப்பிவிட்டு மாற்றுங்கள். உங்கள் குழந்தை குறைமாதத்தில் பிறந்தது என்றாலோ, பிறந்தபோது எடை குறைவாக இருந்தது என்றாலோ, உணவை மட்டும் நம்பாமல் இரும்புச் சொட்டு மருந்து பற்றி மருத்துவரிடம் கேளுங்கள்.

அரிசியைத் தனியாகச் சொல்லியாக வேண்டும். நெற்பயிர் மண்ணிலிருந்தும் நீரிலிருந்தும் ஆர்செனிக் என்ற நச்சுப் பொருளை மற்ற தானியங்களை விட அதிகமாக இழுக்கும். அது தவிட்டுப் பகுதியில் கூடுதலாகச் சேர்வதால் பழுப்பரிசியில் வெள்ளை அரிசியை விட அளவு அதிகம். குழந்தைகளுக்கான அரிசி உணவில் கனிம ஆர்செனிக்குக்கு ஐரோப்பிய ஒன்றியமும் அமெரிக்காவும் கிலோவுக்கு 0.1 மில்லிகிராம் என்று வரம்பு வைத்திருக்கின்றன. பயந்து அரிசியையே விட்டுவிட வேண்டாம். தினமும் மூன்று வேளையும் பழுப்பரிசிக் கஞ்சி மட்டுமே என்று வைக்காதீர்கள், அவ்வளவுதான். கோதுமை, ஓட்ஸ், பார்லி, சிறுதானியம் என்று மாற்றி மாற்றிக் கொடுங்கள். அரிசியை நிறையத் தண்ணீரில் வேகவைத்து வடித்தால் ஆர்செனிக் ஓரளவு குறையும்.

கோதுமையில் உள்ள குளூட்டன் என்ற புரதம் பற்றிச் சிலர் பயமுறுத்துவார்கள். எந்த மாதத்தில் தொடங்கினாலும் சீலியாக் நோய் (குளூட்டனால் சிறுகுடல் பாதிக்கப்படும் நோய்) வரும் வாய்ப்பில் பெரிய வித்தியாசம் இல்லை என்று 2014இல் வெளிவந்த பெரிய ஆய்வுகள் காட்டின. ஆறு மாதத்தில் மற்ற உணவுகளோடு சேர்த்தே தொடங்கலாம். முதல் சில வாரங்கள் கொஞ்சமாகக் கொடுங்கள். கோதுமை சிலருக்கு ஒவ்வாமை தரும் என்பதால், அதைத் தொடங்கும் அன்று வேறு புது உணவு வேண்டாம்.

எந்த வடிவில் கொடுப்பது என்பதும் முக்கியம். ஆரம்பத்தில் மாவை ஒருமுறை சலித்து, மேலே நிற்கும் தடித்த தவிட்டை மட்டும் எடுத்துவிட்டுக் காய்ச்சலாம்; சத்தில் பெரும் பகுதி மாவோடு தங்கிவிடும். முழு மணியாக வேகவைத்ததை நன்றாக மசித்தே கொடுங்கள். பாப்கார்ன், கடித்தால் நொறுங்கும் தானியக் கட்டிகள், முழுப் பருப்புக்கொட்டை பதித்த ரொட்டி எல்லாம் தொண்டையில் அடைக்கும், இந்த வயதில் அறவே வேண்டாம். முழு தானியம் என்று அட்டையில் போட்டிருக்கும் பெரியவர்களின் காலை உணவுகளில் சர்க்கரை, உப்பு, தேன் இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு வயது முடியும் வரை தேன் ஒரு சொட்டுகூடக் கூடாது. பொட்டுலிசம் என்ற ஆபத்தான நோய் வரலாம். உப்பு அந்த வயதில் மொத்தமே நாளைக்கு ஒரு கிராமுக்குள் இருக்க வேண்டும்.

மலச்சிக்கல் என்றதும் தவிட்டைத் தனியாக வாங்கிக் கஞ்சியில் தூவச் சொல்லி யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். போதிய நீர் இல்லாமல் நார் மட்டும் கூடினால் மலம் இன்னும் இறுகும். சாப்பாட்டோடு சில மடக்கு கொதித்து ஆறிய நீரும் மசித்த பழமும் கொடுத்துப் பாருங்கள். மலத்தில் தவிட்டுத் துணுக்குகள் அப்படியே தெரிவது மட்டும் சாதாரணம், அதற்குப் பயப்பட வேண்டாம். வயிற்றுப்போக்கு இருந்தாலோ, மாத எடை வளர்ச்சி வரைபடத்தில் கோடு படுத்துக்கொண்டாலோ, சில வாரம் முழு தானியத்தைக் குறைத்துத் தீட்டிய தானியத்தைக் கூட்டுங்கள். எடை தொடர்ந்து ஏறவில்லை என்றால் தாமதிக்காமல் மருத்துவரைப் பாருங்கள்.

நடைமுறையில் எப்படி வைப்பது என்றால், நாளைக்கு இரண்டு மூன்று வேளை தானியம் கொடுக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அதில் ஒரு வேளை முழு தானியமாக இருக்கட்டும், மற்றது தீட்டியதாகவே இருக்கட்டும். இது என் வேலையில் நான் பழக்கமாகச் சொல்லும் அளவு. குழந்தை நன்றாகச் சாப்பிட்டு நன்றாக எடை கூடினால் கொஞ்சம் கூட்டலாம். முழு தானிய மாவைக் கொஞ்சமாக அரைத்து வையுங்கள். முளைக்கருவில் எண்ணெய் இருப்பதால் சீக்கிரம் சிக்கு வாடை வந்துவிடும், அப்புறம் குழந்தை வாயில் வாங்காது.

முழுவதுமாக எப்போது மாற்றலாம் என்று கேட்டீர்கள். இரண்டு வயது முடிந்து, எடை சரியாக ஏறிக்கொண்டும் குழந்தை பல வகை உணவுகளைச் சாப்பிட்டுக்கொண்டும் இருந்தால், அங்கிருந்து மெதுவாகக் கூட்ட ஆரம்பிக்கலாம். ஐந்து வயதுக்குள் உங்கள் தட்டில் இருப்பதே அதன் தட்டிலும் இருக்கலாம்.