ஆட மாட்டேன் என்று சொன்ன தோழி

கேள்வி: அக்கா, நான் டர்பனில் இந்தியர் நிறைய வாழும் சாட்ஸ்வர்த் பெண். கேப் டவுனில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன், விடுதிக் கமிட்டியிலும் இருக்கிறேன். தென்னாப்பிரிக்காவின் பண்பாட்டு விடுமுறை நாளான ஹெரிடேஜ் டேக்கு எல்லோரும் அவரவர் பண்பாட்டைக் காட்ட வேண்டும் என்று முடிவு செய்தோம். எங்கள் மாடியில் நமீபியா எல்லையில் இருக்கும் ரிக்டர்ஸ்வெல்ட் பக்கத்து நாமா பூர்வகுடிப் பெண் ஒருத்தி இருக்கிறாள். “தோல் உடை வாடகைக்கு எடுத்துத் தருகிறோம், உங்கள் ஆட்டத்தை ஆடு” என்று வாட்ஸ்அப் குரூப்பில் கேட்டேன். “எனக்கு அந்த மொழியே பேச வராது, நான் ஆட மாட்டேன்” என்று எழுதிவிட்டு குரூப்பிலிருந்து வெளியேறிவிட்டாள். இரண்டு வாரமாக மெஸ்ஸுக்கும் வருவதில்லை. பூர்வகுடி மாணவிக்கு ஆதரவாகத்தானே செய்தோம், இதில் என்ன தப்பு?

பதில்: தங்கச்சி, தப்புதான். ஆனால் சரிசெய்யக்கூடிய தப்பு.

நான் பள்ளியில் படித்தபோது இதே மாதிரி ஒரு விழாவுக்கு, புடவை கட்டிக்கொண்டு வந்து பரதநாட்டியம் ஆடு என்று டீச்சர் சொன்னார். எனக்கு ஓர் அடவுகூடத் தெரியாது. எங்கள் வீட்டில் யார் ஆடினார்கள்? ஆயா கரும்புத் தோட்டத்தில் வேலை செய்தவர், அவருக்குத் தெரிந்த தமிழில் பாதி மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றும்போது பாடும் பாட்டு. இந்தியப் பெண் என்றால் ஆடத் தெரிந்திருக்கும் என்று அந்த டீச்சர் நினைத்துக்கொண்டார். அன்று மேடையில் கையை இப்படியும் அப்படியும் ஆட்டிவிட்டு இறங்கினேன், இப்போது நினைத்தாலும் காது சூடாகிறது. உன் தோழிக்கு என்னைவிடத் தைரியம் அதிகம், மாட்டேன் என்று சொல்லிவிட்டாள்.

அதோடு அவள் விஷயம் என் விஷயத்தைவிடக் கனமானது. சாரா பார்ட்மன் கதை உனக்குத் தெரிந்திருக்கும். தென்னாப்பிரிக்கப் பூர்வகுடிகளான கொய் மக்களில் பிறந்த அந்தப் பெண்ணை 1810ல் லண்டனுக்குக் கொண்டுபோய்க் காசு வாங்கிக்கொண்டு காட்டினார்கள், அப்புறம் பாரிஸில் காட்டினார்கள், 1815ல் செத்த பிறகும் விடவில்லை, உடலை மியூசியத்தில் வைத்தார்கள். 2002ல்தான் ஊர் மண்ணில் புதைக்க முடிந்தது. கேப் டவுன் பல்கலைக்கழகத்தின் பெரிய மண்டபத்துக்கு 2018ல் அவர் பெயரை வைத்தது சும்மா இல்லை. அந்த மண்டபம் இருக்கிற ஊரில், நாமாக்களும் கொய் மக்களில் ஒரு பிரிவு என்றிருக்க, வாடகைத் தோலைக் கட்டிக்கொண்டு கூட்டத்துக்கு முன்னால் ஆடு என்று கேட்டால் அது அவள் காதில் எப்படி விழும்? நீ அந்த எண்ணத்தில் கேட்கவில்லை, தெரியும். ஆனாலும் விழுந்தது அப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

மொழி வராது என்றாளே, அதைக் கொஞ்சம் யோசி. நமீபியாவில் பள்ளியிலேயே சொல்லிக்கொடுக்கிற மொழி அது. இந்தப் பக்கம் பள்ளிக்கூடமும் சர்ச்சும் ஆப்பிரிக்கான்ஸில் நடந்ததால் தலைமுறை தலைமுறையாக வீட்டை விட்டுப் போய்விட்டது. நீயும் எனக்கு ஆங்கிலத்தில்தானே எழுதினாய், நான்தான் தமிழாக்கிப் போட்டிருக்கிறேன். குத்திக்காட்டவில்லை, உங்கள் இரண்டு பேர் வீட்டிலும் நடந்தது கிட்டத்தட்ட ஒன்றுதான். அரசியல் சட்டத்தின் 6வது பிரிவை ஒரு தடவை எடுத்துப் பார். கொய், நாமா, சான் என்ற பூர்வகுடி மொழிகளை வளர்க்க வேண்டும் என்று இருக்கும், சில வரி தள்ளித் தமிழ், தெலுங்கு, இந்தி எல்லாம் வரும். ஆட்சி மொழிப் பட்டியலில் அதுவும் இல்லை, நம்முடையதும் இல்லை. ஆனால் பாரத்தை நிரப்பும்போது உனக்கு “இந்தியர்” என்று ஒரு கட்டம் இருக்கிறது. அவள் “கலர்ட்”, அதாவது கலப்பினத்தார், என்ற கட்டத்தில் டிக் போட்டுவிட்டுப் போக வேண்டியதுதான், நாமா என்று எழுத இடமே கிடையாது. இந்தக் கோபமெல்லாம் சேர்ந்துதான் உன் மெசேஜில் வந்து நின்றிருக்கும்.

சரி, ஆதரவு என்றால் என்ன என்கிறாயா? ஹெரிடேஜ் டே செப்டம்பர் 24, புரட்டாசியில் வருகிறது. ஊரெல்லாம் பிராய் போட்டு இறைச்சி சுட, நீங்கள் விரதம். உங்கள் மெஸ்ஸில் அந்த மாதம் தனிச் சட்டியில் பருப்பும் காயும் செய்து தந்தால் அது ஆதரவு. யாரும் உன்னை மேடையேற்றவில்லை, உன் சட்டியை மட்டும் தனியாக வைத்தார்கள், எவ்வளவு நிம்மதியாக இருக்கும்! கனடாவில் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகம் 1993ல் பூர்வகுடி மாணவர்களுக்கென்று மரத்தில் ஒரு நீண்ட இல்லம் கட்டியது. அங்கே பெரியவர்கள் வந்து உட்கார ஓர் அறை உண்டு, மாணவர்கள் சமைத்துச் சாப்பிடலாம், சும்மா போய் இருக்கலாம். அந்த நாட்டுக் கல்லூரிகள் பலவற்றில், மூலிகைப் புகை போடும் சடங்கின்போது தீ அலாரம் அடிக்காமல் இருக்க என்ன செய்வது என்று விதியே எழுதி வைத்திருக்கிறார்கள். விடுதி அறையில் கற்பூரம் ஏற்றி அலாரம் அலறக் கேட்டவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும்.

உன் கமிட்டி கட்டடம் கட்ட முடியாது. ஆனால் அவள் ஊர் அறுநூறு கிலோமீட்டருக்கு மேல். பாட்டியோ பெரியம்மாவோ இறந்தால் எத்தனை நாள் லீவு கிடைக்கும், தள்ளிப்போன பரீட்சையை எப்போது எழுதலாம் என்று வார்டனிடம் பேசிப் பார். பெற்றோர் இறந்தால் மட்டும்தான் லீவு என்று விதி இருந்தால் அதை மாற்றச் சொல்லிச் சண்டை போடு, நம் வீடுகளுக்கும் அது உதவும். கேப் டவுன் பல்கலைக்கழகத்தில் 2019ல் நாமாக்களின் மொழியான கொய்கொய்கோவாப் வகுப்பு தொடங்கினார்கள், 2020ல் சான், கொய் மையமும் வந்தது. அதையெல்லாம் அவளிடம் நீயாகப் போய்ச் சொல்லாதே, உனக்கு யாராவது தமிழ் வகுப்பு நோட்டீஸை நீட்டினால் எப்படி இருக்கும்? அவளே பேச்செடுத்தால் சொல்.

முதலில் மன்னிப்பு. குரூப்பில் வேண்டாம், பூங்கொத்தும் வேண்டாம், கமிட்டியின் மற்ற நாலு பேரையும் கூட்டிக்கொண்டு போகாதே. கதவைத் தட்டி, “எல்லார் முன்னாலும் அப்படிக் கேட்டிருக்கக் கூடாது” என்று சொல். அவள் ஒன்றும் பேசாமல் கதவைச் சாத்தினாலும் சாத்தட்டும். மெஸ்ஸுக்கு வராதவள் என்ன சாப்பிடுகிறாள் என்று தெரியவில்லை, அதனால் போகும்போது ஒரு டப்பாவில் ஏதாவது எடுத்துக்கொண்டு போ. அவளுக்கு விரதம் இல்லை, கறியே எடுத்துப் போ.