“போயிட்டு வந்து வாங்கிக்கோ” என்கிற காசு

கேள்வி: அம்மா, நான் விலங்கியல் இரண்டாம் ஆண்டு. எண்ணூர் முகத்துவாரத்துச் சிப்பிகளில் ஈயம், காட்மியம் எவ்வளவு என்று நானும் தோழியும் செய்த புராஜெக்ட், செப்டம்பரில் போர்ச்சுகலில் நடக்கும் மாநாட்டில் போஸ்டராகத் தேர்வாகியிருக்கிறது. புதுமைப் பெண் திட்டத்தில் மாதாமாதம் வரும் 1,000 ரூபாயைச் சேர்த்து பாஸ்போர்ட் எடுத்துவிட்டேன். பயண உதவி 800 யூரோ தருகிறார்கள். ஆனால் மாநாடு முடிந்து ரசீது அனுப்பிய பிறகுதானாம். பதிவுக் கட்டணம் 250 யூரோவை மே மாதத்துக்குள் கட்ட வேண்டும். அப்பா விசைப்படகில் போகிறவர், இப்போது மீன்பிடித் தடைக்காலம். வட்டிக்கு வாங்கித் தருகிறேன் என்கிறார் அம்மா. வாங்கலாமா?
— மாணவி, காசிமேடு

பதில்: வேண்டாம் கண்ணு. அம்மாவிடம் நான் சொன்னதாகவே சொல்.

1991இல் நான் கல்லூரியில் வேதியியல் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். ஐரோப்பாவில் ஒரு கருத்தரங்கு, இதே பேச்சு: “முதலில் செலவு செய்யுங்கள், பிறகு தருகிறோம்.” தாலிச் செயினை பழைய வண்ணாரப்பேட்டை சேட்டு கடையில் வைத்தேன், ரெண்டு வட்டி. போய்வந்து கணக்கு அனுப்பி எட்டு மாதம் கழித்து காசோலை வந்தது. வெளிநாட்டுக் காசோலை என்று வங்கி அதை இன்னும் இரண்டு மாதம் ஊறப்போட்டது. பத்து மாத வட்டி, நூற்றுக்கு இருபது. கழுத்தில் மஞ்சள் கயிற்றோடு வகுப்பெடுத்தேன். மாணவிகள் என்ன நினைத்தார்களோ, ஒருத்தியும் கேட்கவில்லை. உதவித்தொகை எவ்வளவு என்று துள்ளினேனே தவிர, என்றைக்கு வரும் என்று கேட்கத் தோன்றவில்லை.

நீ கேட்டுவிட்டாய், அதுவே பாதி வேலை. மீதியை மாநாட்டுக்காரர்களிடம் கேள். “ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் எங்கள் கடற்கரையில் விசைப்படகுகள் கடலுக்குப் போகக்கூடாது. என் வீட்டுக்கு அந்த நாட்களில் வருமானம் இல்லை. 800 யூரோவுக்குள் டிக்கெட்டை நீங்களே எடுத்துத் தர முடியுமா? பதிவுக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்ய முடியுமா? இல்லையென்றால் உதவித்தொகையில் கழித்துக்கொள்ள முடியுமா?” இவ்வளவுதான் மின்னஞ்சல். கெஞ்சல் வேண்டாம், வறுமைக் கதை வேண்டாம். கடலைப் பற்றிப் பேசக் கூடுகிறவர்களுக்கு மீன்பிடித் தடை புரியாமல் போகாது. உலக வங்கி கீழ்-நடுத்தர வருமான நாடு என்று வைத்திருக்கும் பட்டியலில் இந்தியா இருக்கிறது. அதைப் பார்த்துக் கட்டணம் குறைக்கிற மாநாடுகள் நிறைய. அரங்கில் தன்னார்வலராக நிற்கும் மாணவர்களுக்குக் கட்டணம் வாங்காத இடங்களும் உண்டு. அதையும் விசாரி.

அதே கடிதத்தின் நகலோடு கல்லூரி முதல்வரைப் போய்ப் பார். முன்பணம் கொடுத்து, பிறகு உன் பணம் வந்ததும் கழித்துக்கொள்ள முடியுமா என்று எழுத்தில் கேள். வாய்மொழியாகக் கேட்டால் “பார்க்கலாம்” என்பார்கள், அதற்கு எங்கள் ஊரில் என்ன அர்த்தம் என்று உனக்குத் தெரியும். மத்திய அரசின் பயண உதவிகள் பெரும்பாலும் ஆய்வு மாணவர்களையும் விஞ்ஞானிகளையும் நினைத்து எழுதப்பட்டவை. அங்கே உன் நேரத்தை அதிகம் செலவழிக்காதே.

விசா விஷயம் கொஞ்சம் கவனம். போர்ச்சுகல் உள்ளிட்ட பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவுக்குக் கட்டணம் 90 யூரோ, மறுத்தாலும் திரும்ப வராது. விசா கையில் வரும்வரை திரும்பப் பெற முடியாத டிக்கெட் எடுக்காதே, முன்பதிவுச் சான்று போதும். 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்பீடு கேட்பார்கள். முக்கியமானது, யாரிடமாவது கைமாற்று வாங்கி விண்ணப்பிப்பதற்கு முந்தைய வாரம் வங்கிக் கணக்கில் மொத்தமாகப் போட்டுக் காட்டாதே. அதைத்தான் அவர்கள் முதலில் சந்தேகிப்பார்கள். செலவு எங்களுடையது என்று மாநாட்டார் தரும் கடிதம் அதைவிடப் பலமானது. அந்தக் கடிதத்தில் உன் பெயர் பாஸ்போர்ட்டில் இருப்பதுபோலவே இருக்கட்டும். நம் இனிஷியலை விரித்து எழுதும்போது அப்பா பெயர் குடும்பப் பெயராகிவிடும், ஓர் இடத்தில் ‘எஸ்’, இன்னோர் இடத்தில் முழுப்பெயர் என்றால் வீண் அலைச்சல்.

இவ்வளவும் செய்து கதவு திறக்கவில்லை என்றால், காணொளியில் வழங்க அனுமதி கேள். அனல்மின் நிலையச் சாம்பலும், 2023 டிசம்பரில் எண்ணெயும் கலந்த அந்தத் தண்ணீரில் இறங்கிச் சிப்பி பொறுக்கியவள் நீ. உன் ஈய, காட்மிய அட்டவணை போர்ச்சுகலுக்கு நீ போகாமலும் போகும்.

கேள்வி: என் மகன் கணினி அறிவியல் முதலாண்டு. அவன் கட்டுரையை பாங்காக் மாநாட்டுக்கு இரண்டே நாளில் ஏற்றுக்கொண்டு, 400 டாலர் கட்டச் சொல்கிறார்கள். கட்டலாமா?
— தந்தை, தண்டையார்பேட்டை

பதில்: இரண்டு நாளில் ஏற்றார்கள் என்றால் படிக்கவில்லை. அழைப்பிதழில் குழு உறுப்பினர் என்று போட்டிருக்கும் பேராசிரியர் ஒருவருக்கு அவருடைய பல்கலைக்கழக முகவரியில் எழுதிக் கேளுங்கள். “நான் எப்போது சேர்ந்தேன்?” என்று பதில் வந்தாலும் வரும். 400 டாலருக்குப் பையனுக்கு நல்ல லேப்டாப்பில் பாதி வரும்.

கேள்வி: வெளிநாடு போகாமல் பட்டப்படிப்பிலேயே ஆராய்ச்சி செய்ய வழி உண்டா மேடம்?
— மாணவன், வியாசர்பாடி

பதில்: உண்டு தம்பி. பெங்களூரு, டெல்லி, அலகாபாத் (இப்போது பிரயாக்ராஜ்) என மூன்று அறிவியல் அகாடமிகள் சேர்ந்து நடத்தும் கோடை ஆராய்ச்சித் திட்டத்தில் இரண்டு மாதம் ஒரு விஞ்ஞானியின் ஆய்வகத்தில் இருக்கலாம், உதவித்தொகையும் உண்டு. பன்னிரண்டாம் வகுப்பில் முதல் ஒரு சதவீதத்துக்குள் வந்து அடிப்படை அறிவியல் எடுத்தவன் என்றால் மத்திய அரசின் ‘இன்ஸ்பயர்’ உதவித்தொகைத் திட்டம் ஆண்டுக்கு 80,000 ரூபாய் தரும், அதில் 20,000 கோடை ஆய்வுக்கென்றே. பிறகு வெளிநாடும் போகலாம் என்று தோன்றினால், கனடாவின் மிட்டாக்ஸ் என்ற அமைப்பு 12 வார ஆராய்ச்சிப் பயிற்சிக்கு அழைக்கிறது. அதற்கு, மூன்று வருடப் படிப்பு என்றால் இரண்டாம் ஆண்டு தொடங்கியதுமே விண்ணப்பிக்க வேண்டும். மூன்றாம் ஆண்டில் கண் விழித்தால் வண்டி போயிருக்கும்.

எதற்கும் பரிந்துரைக் கடிதம் வேண்டும். இரண்டு வாரம் முன்பே ஆசிரியரிடம் கேள். கடைசி நாள் ராத்திரி பத்து மணிக்கு வாட்ஸாப்பில் “மேம், அர்ஜென்ட்” என்று அனுப்புகிறீர்களே, அப்போது நாங்கள் சீரியல் பார்த்துக்கொண்டிருப்போம்.