சாயக் கழிவுநீரை மரத்தூளும் பழத்தோலும் சுத்தம் செய்யுமா?

செய்யும், ஆனால் எல்லாச் சாயத்தையும் அல்ல.

மரத்தூள், உமி, ஆரஞ்சுத் தோல் போன்றவற்றில் செல்லுலோஸ், லிக்னின், பெக்டின் என்று தாவரச் செல்சுவரைக் கட்டும் பொருள் ஏதாவது இருக்கும். அவற்றோடு சேர்ந்த கார்பாக்சில் (அமிலத் தன்மையுள்ள COOH) தொகுதிகள் நடுநிலையான நீரில் எதிர்மின்னூட்டம் பெறுகின்றன. மெத்திலீன் நீலம் நேர்மின்னூட்டம் கொண்ட சாயம். அதனால் தானாகப் போய் ஒட்டிக்கொள்கிறது. வெளிர்நீலக் கரைசலில் மரத்தூளைப் போட்டுக் கலக்கிப் பாருங்கள்: கொஞ்ச நேரத்தில் நீர் வெளுக்கும், தூள் நீலமாகும். (தூளை முதலில் நன்றாகக் கழுவுங்கள். இல்லாவிட்டால் அதுவே பழுப்புச் சாறு விட்டு வேடிக்கை காட்டும்.)

சிக்கல், பருத்தித் துணிக்குப் போடும் ரியாக்டிவ் சாயங்களில்தான். அவையும் எதிர்மின்னூட்டம் கொண்டவை, வெறும் தூளில் அவ்வளவாக ஒட்டாது. நீரை அமிலமாக்க வேண்டும், அல்லது தூளை ஆக்டிவேட்டட் கார்பனாக (நுண்துளைகள் நிறைந்த கரியாக) மாற்ற வேண்டும். அந்தச் சாயநீரில் உப்பும் ஏராளம். அது இந்த முறையில் போகவே போகாது.

அப்புறம், சாயம் இங்கே அழிவதில்லை, இடம்தான் மாறுகிறது. நீலமான தூளை எரிப்பதா, சாயத்தைக் கழற்றிவிட்டு மறுபடி பயன்படுத்துவதா என்று முன்கூட்டியே யோசித்துக்கொள்ளுங்கள். வெளியே கொட்டி வைத்தால் மழையில் கொஞ்சம் திரும்பக் கரைந்து வரும்.