வேலியும் சுக்கினியும்

அன்புள்ள ஐயா,

என் மகன் வேலை கிடைத்து ஜெர்மனியில் இருக்கும் லைப்சிக் நகரத்துக்குப் போய் ஆறு மாதம் ஆகிறது. பக்கத்து வீட்டுப் பெரியவர் காலை வணக்கத்துக்கு மேல் ஒரு வார்த்தை பேசுவதில்லையாம். ஞாயிற்றுக்கிழமை சுவரில் டிரில்லிங் மெஷின் போட்டதற்கு மட்டும் கதவைத் தட்டிக் கடிந்துகொண்டாராம். ஜெர்மானியர்கள் நேரம், விதி என்று இயந்திரம் மாதிரி வாழ்பவர்கள்தானா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

நேரத்தை முதலில் விட்டுவிடுங்கள். 2024இல் அங்கே தொலைதூர ரயில்களில் நூற்றுக்கு 62 போலத்தான் நேரத்துக்கு வந்தன. அதுவும் ஐந்து நிமிடத் தாமதம் கணக்கிலேயே வராது. டிரில்லிங் விஷயத்தில் தப்பு உங்கள் மகன்மேல்தான். ஞாயிறு ஓய்வு 1919ஆம் வருட அரசியல் சட்டத்தில் எழுதப்பட்டு இன்றுவரை தொடர்கிறது.

விதிகளைப் பற்றிச் சொல்ல லைப்சிக்கே நல்ல ஊர். ஊர்க்காரர்கள் சங்கத்திடம் குத்தகைக்கு எடுத்துப் பயிரிடும் சிறு தோட்டமான 'ஷ்ரேபர் தோட்டம்' பிறந்த இடம் அது. பெயருக்குரிய மருத்துவர் ஷ்ரேபர் அப்படி ஒரு தோட்டத்தைப் பார்த்ததே இல்லை. அவர் 1861இல் இறந்துவிட்டார். 1864இல் ஹவுஷில்ட் என்ற பள்ளித் தலைமையாசிரியர் அவர் பெயரில் ஒரு சங்கம் தொடங்கினார். முதலில் அமைந்தது பிள்ளைகளுக்கான விளையாட்டு மைதானம். கெசெல் என்ற ஆசிரியர் அதன் ஓரத்தில் பிள்ளைகளுக்குப் பாத்தி போட்டுக் கொடுத்தார். களை பறிப்பது எந்தப் பிள்ளைக்குப் பிடிக்கும்? பெற்றோர் கையில் எடுத்தார்கள். அப்புறம் வேலி வந்தது, குடிசை வந்தது, விதியும் வந்தது.

இன்று நாடு முழுவதும் லட்சக்கணக்கில் இந்தக் குத்தகைத் தோட்டங்கள் இருக்கின்றன. 1983ஆம் வருடச் சட்டப்படி தோட்டம் 400 சதுர மீட்டரைத் தாண்டக்கூடாது, நம் கணக்கில் பத்து சென்ட். குடிசை 24 சதுர மீட்டருக்குள். அதில் நிரந்தரமாகக் குடியிருக்க முடியாது. மூன்றில் ஒரு பங்கிலாவது காய்கனி விளைய வேண்டும், முழுக்கப் புல்தரை போட்டுவிட்டுச் சாய்வு நாற்காலியில் படுக்க முடியாது. வேலிச் செடி எவ்வளவு உயரம் வளரலாம் என்பதைச் சங்கம் சொல்லும்.

ஓர் ஆகஸ்டில் நண்பரின் தோட்டத்தில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்துத் தோட்டக்காரர் டேப்போடு வந்து வேலியை அளந்தார். ஒரு சாண் அதிகம் என்றார். இரண்டு பேருக்கும் குரல் உயர்ந்தது. சரி, இனி முகத்தில் விழிக்க மாட்டார்கள் என்று நினைத்தேன். அரை மணி நேரம் கழித்து அதே மனிதர் ஒரு துணிப்பை நிறைய சுக்கினி கொண்டுவந்து மேஜைமேல் வைத்தார். பார்க்க வெள்ளரி மாதிரி இருக்கும் காய், ஆகஸ்டில் காய்த்துத் தள்ளும். நண்பர் பதிலுக்கு இரண்டு பீர் பாட்டிலைத் திறந்தார். வேலி பற்றி யாரும் பேசவில்லை. மறுநாள் நண்பர் அதைக் கத்தரித்துவிட்டார்.

அந்தப் பெரியவருக்குத் தோட்டம் இருக்கிறதா என்று மகனைக் கேட்கச் சொல்லுங்கள். இருந்தால் பேச்சு காலை வணக்கத்தோடு நிற்காது. ஆகஸ்ட் என்றால் கையில் ஒரு பை இருக்கட்டும்.